பப் திருத்த வேலையும் பக்கத்து வீட்டு நித்திரையும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பப் பற்றியவை. மூடிக் கிடந்த பப்பை யாரோ எடுத்துத் திருத்துகிறார்கள், அல்லது திருத்தித் திறந்துவிட்டார்கள். பின்பக்கத்து வீட்டில் நித்திரை இல்லை. பதில்கள் இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. ஸ்கொட்லாந்து வாசகர்களுக்கு இவை பொருந்தா.

எங்கள் பின்வேலிக்கு அப்பால் பழைய பப் ஒன்று இருக்கிறது. புதிதாக எடுத்தவர்கள் பின்பக்க நீட்டிப்பு, மடக்குக் கண்ணாடிக் கதவு, கூரை போட்ட பீர் கார்டன் என்று பிளானிங் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கவுன்சில் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. என்ன எழுதினால் எடுபடும்? தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கலாமா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம்

கருத்துச் சொல்ல 21 நாட்கள். ஒரு வாரம் போய்விட்டதால் முதல் வேலையாகக் கவுன்சில் தளத்தில் விண்ணப்ப இலக்கத்தைப் போட்டு வரைபடங்களையும் சத்த அறிக்கையையும் இறக்கிக்கொள்ளுங்கள். சத்த அறிக்கையே இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபணை. பீர் கார்டன் வைக்கும் பப்புக்கு அறிக்கை இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம் என்று கேளுங்கள்.

அறிக்கை இருந்தால் முடிவுரையை விட்டுவிட்டு நடுப்பக்கங்களைப் பாருங்கள். மைக்கை எங்கே வைத்தார்கள்? பப்பின் முன்பக்கம், பஸ் போகும் வீதியில் வைத்திருந்தால் பின்னணிச் சத்தம் கூடக் காட்டும். உங்கள் தோட்டத்தின் அமைதி கணக்கில் வராது. எந்த நாட்களில் அளந்தார்கள்? "அருகிலுள்ள வீடு" என்று வரைபடத்தில் குறித்தது உங்கள் வீட்டையா, அல்லது தெருவுக்கு அப்பாலுள்ள ஒன்றையா? தோட்டத்தில் எத்தனை பேர் கதைப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள்? வரைபடத்தில் 80 கதிரைகள், அறிக்கையில் 20 பேர் என்றால் அதை இரண்டு வரியில் சுட்டிக்காட்டினால் போதும். ஆட்கள் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபெல் கூடும். 20 பேர் 80 ஆனால் 6. குடித்து உரத்துக் கதைப்பது அதற்கு மேல்.

கணக்கு எங்கே போய் முட்டுகிறது என்றால், இரவில் படுக்கையறைக்குள் சராசரி 30 டெசிபெலுக்கு மேல் போகக்கூடாது என்பது பி.எஸ். 8233 என்ற பிரிட்டிஷ் தரம். கொஞ்சம் திறந்த யன்னல் 10 முதல் 15 டெசிபெல்தான் குறைக்கும். ஆகவே யன்னலுக்கு வெளியே 45க்கு மேல் போனால் கோடையில் யன்னலைத் திறக்க முடியாது. இந்த வாக்கியத்தை உங்கள் கடிதத்தில் அப்படியே எழுதலாம்.

எடுபடுபவை: சத்தம், குசினி மணம், மேலிருந்து உங்கள் தோட்டத்தைப் பார்ப்பது, வெளிச்சம் மறைவது, விளக்கு வெளிச்சம் யன்னலில் அடிப்பது, லொறி வரவு. எடுபடாதவை: வீட்டு விலை இறங்கும், காட்சி மறையும், குடி கெடுக்கும், பிள்ளைகள் பார்த்துப் பழகுவார்கள், ஊரில் போதிய பப் இருக்கிறது. கோயிலுக்குக் கிட்ட இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். கோயிலுக்கு வருபவர்களின் நடைபாதையை வரிசை மறிக்கும் என்றால் அது பிளானிங் காரணம். புனிதம் கெடும் என்பது அல்ல.

கையெழுத்து மனு ஒரே ஆட்சேபணையாகத்தான் பல கவுன்சில்களில் கணக்கில் வரும். ஆறு வீட்டார் தங்கள் யன்னல் எத்தனை மீற்றர் தூரத்தில், எந்த அறை என்று தனித்தனியாக எழுதினால் அதற்கு எடை கூட. ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்ப வேண்டாம். சிறிய விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ஆபிசரே முடிவு செய்வார். கமிட்டிக்குப் போக வேண்டுமானால் உங்கள் வார்டு கவுன்சிலர் கேட்க வேண்டும். அதற்கும் காலக்கெடு இருக்கிறது, இன்றே எழுதுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். லண்டன் பிளான் என்ற லண்டன் முழுவதுக்குமான பிளானிங் ஆவணத்தில் பப்களைக் காப்பாற்றவே ஒரு கொள்கை இருக்கிறது (எச்.சி. 7). மூடிய பப்பைத் திறக்கும் திட்டத்தை ஒரேயடியாக மறுக்கச் சொல்லும் கடிதம் அநேகமாகத் தோற்கும். "மறுக்கவும், அனுமதிப்பதானால் கீழ்க்கண்ட நிபந்தனைகளுடன்" என்று எழுதுவதே பயன் தரும். கேட்க வேண்டியவை: தோட்டம் இரவு 9 மணிக்கு வாடிக்கையாளர்களுக்கு மூடப்பட வேண்டும், வெளியே ஸ்பீக்கரும் ரீவியும் கூடாது, மடக்குக் கதவு மாலை 7க்குப் பின் மூடியிருக்க வேண்டும், அதற்குப் பின் தானே மூடும் இரட்டைக் கதவுள்ள சிறு இடைவெளி வழியாகவே ஆட்கள் தோட்டத்துக்குப் போய்வர வேண்டும், போத்தல் கொட்டுவது காலை 8 முதல் இரவு 8 வரை மட்டும், திறப்பதற்கு முன் சத்த மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற வேண்டும்.

மடக்குக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் அழகாக இருக்கும். மூடியிருக்கும்போதே அதன் ஓரங்களில் காற்றிடைவெளி இருப்பதால் செங்கல் சுவர் தடுப்பதில் ஒரு பங்குதான் தடுக்கும். திறந்துவிட்டால் பப்பின் உட்பக்கமே உங்கள் தோட்டத்துக்கு வந்த மாதிரி. நீட்டிப்பை எதிர்ப்பதைவிட அந்தச் சுவரில் கதவுக்குப் பதில் திறக்காத கண்ணாடி கேட்பது கெட்டிக்காரத்தனம்.

மர வேலி போட்டுத் தருகிறோம் என்பார்கள். வேலி பார்வைக் கோட்டைச் சற்று மறைத்தால் ஏறக்குறைய 5 டெசிபெல் குறையும். அதுவும் சதுர மீற்றருக்குச் சுமார் 10 கிலோ எடையுள்ள, இடைவெளியில்லாத பலகையாக இருந்தால்தான். மேல்மாடிப் படுக்கையறையிலிருந்து தோட்டத்து மேசை தெரிகிறதென்றால் அந்த வேலி அந்த அறைக்கு இல்லாத மாதிரியே.

அனுமதி கிடைத்துவிட்டால் அயலவருக்கு மேல்முறையீட்டு உரிமை இல்லை. விண்ணப்பித்தவருக்கு மட்டுமே அது உண்டு. உங்களுக்குள்ள ஒரே வழி ஆறு கிழமைக்குள் உயர் நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு. அது சட்டப் பிழைக்கு மட்டும், செலவோ பெரிது. அதனால்தான் நிபந்தனைகளில் கவனம் வைக்கச் சொல்கிறோம்.

அனுமதி வந்தபின் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். "பின்னர் விபரம் சமர்ப்பிக்க வேண்டும்" என்ற நிபந்தனைகளைத் தீர்க்கும் விண்ணப்பங்களுக்கு அயலவருக்குக் கடிதம் வராது. இரவு 9ஐ 11 ஆக்கும் 73ஆம் பிரிவு விண்ணப்பம் ஓராண்டு கழித்து வரும். அதற்குக் கடிதம் வரலாம், அல்லது தூணில் ஒரு மஞ்சள் தாள் மட்டும் ஒட்டப்படலாம். கவுன்சில் தளத்தில் அந்த முகவரிக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை போட்டு வையுங்கள்.

கடிதமே வரவில்லை. உள்ளே உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஞாயிறும் டிரில் ஓடுகிறது. தோட்டத்தில் பெரிய கூடாரமும் வந்துவிட்டது. இது களவு வேலையா?
– வாசகர், ஹேய்ஸ்

உள்வேலை களவு அல்ல. வெளித்தோற்றம் மாறாத உள்வேலைக்கு பிளானிங் அனுமதி தேவையில்லை. பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடமென்றால் மட்டும் தனி ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் இல்லாமல் செய்வது குற்றம். ஏற்கனவே பப்பாக இருந்த இடம் பப்பாகவே தொடர்வதால் பாவனை மாற்றமும் இல்லை. ஆனால் அங்கே முன்பு சாப்பாட்டுக்கடை இருந்து இப்போது பப் ஆகிறதென்றால் கதை வேறு: 2020 செப்டம்பர் 1 முதல் பப் எந்த வகுப்பிலும் சேராத தனிப் பாவனை, முழு அனுமதி கட்டாயம்.

கூடாரத்துக்கு அளவுநாடா எடுங்கள். நகர்த்தக்கூடிய ஒரு கூடாரத்தை அனுமதியில்லாமல் பப் வளவில் வைக்கலாம். ஆனால் உயரம் 3 மீற்றருக்கு மேல் கூடாது, குடியிருப்பு வளவின் எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் கூடாது, பரப்பு 50 சதுர மீற்றரையோ பப் கட்டடத்தின் பாதியையோ, எது சிறியதோ அதைத் தாண்டக்கூடாது. தூண்களைக் கொங்கிறீற்றில் இறுக்கி, மேலே சூடாக்கி பூட்டி, வயர் இழுத்திருந்தால் அதை "நகர்த்தக்கூடியது" என்று சொல்வது கடினம். அடித்தளத்தைப் போட்டோ எடுத்து அமலாக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் முதலில் பின்னோக்கிய விண்ணப்பம் போடச் சொல்வார்கள், அப்போது உங்களுக்கு 21 நாள் கிடைக்கும். 2024 ஏப்ரல் 25 முதல் அமலாக்கக் காலம் பத்தாண்டு ஆகிவிட்டது என்பதால் "நாலு வருஷம் கடந்துவிட்டது" என்ற பழைய சாட்டு, அந்தத் தேதிக்கு முன்பே கட்டி முடிந்த கட்டுமானங்களுக்கு மட்டுந்தான்.

ஞாயிறு டிரில் பிளானிங் விஷயமல்ல. பெரும்பாலான கவுன்சில்கள் வகுத்த நேரம் திங்கள் முதல் வெள்ளி காலை 8 முதல் மாலை 6, சனி பிற்பகல் 1 வரை, ஞாயிறும் வங்கி விடுமுறையும் இல்லை. சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு அழையுங்கள். 1974 மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் அறிவித்தல் கொடுத்தால் மீறுவது குற்றமாகும்.

புதிய குசினியின் புகை விசிறியும் ஏதோ ஒரு பெட்டியும் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு எதிரே. பெரிய சத்தமில்லை, ஆனால் இரவு முழுக்க முனகல். ஆபிசர் வந்து "அவ்வளவு சத்தமில்லையே" என்று போய்விட்டார்.
– வாசகி, டூட்டிங்

பகலில் வந்திருப்பார். முனகலின் கணக்கே இரவில்தான். இதற்கான தரம் பி.எஸ். 4142. இயந்திரச் சத்தத்தை அளந்து, ஒரே சுருதியில் முனகினால் 6 டெசிபெல் வரை கூட்டி, அந்த நேரத்துப் பின்னணிச் சத்தத்தோடு ஒப்பிடுவார்கள். உதாரணமாக, இரவு 2 மணிக்கு உங்கள் யன்னலடியில் பின்னணி 34. இயந்திரம் 33. பார்வைக்குப் பின்னணியை விடக் குறைவு. முனகலுக்கு 4 கூட்டினால் 37, பின்னணியை விட 3 கூட. பல கவுன்சில்கள் பின்னணியை விட 5 அல்லது 10 குறைவாக இருக்க வேண்டுமென்று நிபந்தனை போடுகின்றன. 10 என்றால் 24க்கு இறங்க வேண்டும். உங்கள் பெட்டி 13 டெசிபெல் தோற்றுவிட்டது. ஆகவே முதலில் அனுமதிக் கடிதத்தில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிபந்தனை மீறல் அறிவித்தல் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு எதிராகப் பப்புக்கு மேல்முறையீடு கிடையாது. விசிறிக்கே அனுமதி எடுக்காமல் பூட்டியிருக்கவும் கூடும், அது அடிக்கடி நடக்கிறது.

எது முனகுகிறது என்று பிரித்துப் பாருங்கள். குசினி மூடிய பின்னும் ஓடினால் அது பெரும்பாலும் நிலவறைக் குளிர்ப்பெட்டி. பீர் நிலவறையை 11 முதல் 13 பாகையில் வைத்திருக்க வேண்டும், ஆகவே அது 24 மணி நேரமும் விட்டுவிட்டு ஓடும்; நேரக்கட்டுப்பாடு போட முடியாது, இடம் மாற்றவோ மூடுபெட்டி போடவோதான் வேண்டும். இரண்டு சுவரும் நிலமும் சேரும் மூலையில் வைத்திருந்தால் ஒவ்வொரு பரப்பும் சத்தத்தைத் திருப்பி அடித்துச் சில டெசிபெல் கூட்டும். காற்றோட்டம் இல்லாத மலிவு மூடுபெட்டி போட்டால் இயந்திரம் சூடாகி இன்னும் கடுமையாக ஓடும். அதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

விசிறி என்றால் காரணம் பெரும்பாலும் அதிர்வு. ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளில் உட்கார்ந்திருந்தாலும் ஒரு போல்ட் நேரே சுவரில் இறுகினால், அல்லது துணிபோன்ற நெகிழ் இணைப்பு இல்லாமல் குழாய் நேரடியாக விசிறியில் பொருந்தியிருந்தால், சுவரே ஸ்பீக்கர் ஆகிவிடும். உங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நடுக்கம் தெரிந்தால் குழாயில் சத்தம் குறைக்கும் அமைதிப்பெட்டி போட்டுப் பயனில்லை, தாங்கியைத்தான் மாற்ற வேண்டும். திறந்து சில மாதம் நன்றாக இருந்து பிறகு சத்தம் கூடினால் விசிறி இதழில் எண்ணெய் படிந்து சமநிலை தப்பியிருக்கும். சுத்திகரிப்புப் பதிவேட்டைக் கேட்கச் சொல்லுங்கள். முழு வேகத்தில் ஓடும் விசிறிக்கு வேகக்கட்டுப்பாடு போடுவது மிகச் செலவு குறைந்த தீர்வு, ஆனால் தரங்குறைந்த கட்டுப்பாட்டுக் கருவி தானே ரீங்கரிக்கும்.

பப் மேலாளரிடம் ஒருமுறை நேரில் கதையுங்கள். பத்து மணிக்கு விசிறியை நிறுத்த மறப்பதுதான் பிரச்சினை என்றால் ஒரு டைமர் போதும். அதற்காக எட்டு மாதம் கடிதம் எழுதத் தேவையில்லை.

திருத்தித் திறந்த பப்பில் வெள்ளி, சனி பாண்டு. லைசன்ஸில் "இசை வெளியே கேட்கக்கூடாது" என்று தெளிவாக இருக்கிறது. கவுன்சிலில் கேட்டால் 11 மணிக்கு முன் அந்த நிபந்தனை செல்லாதாம். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஹரோ

இல்லை, உண்மைதான். 2012 நேரடி இசைச் சட்டமும் 2015இல் வந்த விரிவாக்கமும் சேர்ந்து, மது பரிமாற லைசன்ஸ் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு, இசை பற்றிய லைசன்ஸ் நிபந்தனைகளை உறங்க வைத்துவிட்டன. கரோக்கியும் நேரடி இசையாகவே கணக்கு. 11 மணிக்குப் பின் நிபந்தனை விழித்துக்கொள்ளும்.

உறங்கும் நிபந்தனையை எழுப்பும் வழி லைசன்ஸ் மறுஆய்வு. 2003 லைசன்ஸ் சட்டத்தின் 51ஆம் பிரிவில் எவரும் மறுஆய்வு கேட்கலாம், கட்டணம் இல்லை. நிபந்தனையை உறங்க வைப்பது அதே சட்டத்தின் 177ஏ பிரிவு. மறுஆய்வில் கமிட்டி "177ஏ பிரிவு இந்த இடத்துக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி சேர்த்தால் பழைய நிபந்தனை 11க்கு முன்பும் உயிர்பெறும். விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கமிட்டி புதிதாக அழகான நிபந்தனை போட்டும் அது மறுநாளே உறங்கிவிடும் நிலை வரலாம்.

விண்ணப்பத்தின் பிரதியை லைசன்ஸ்காரருக்கும் பொலிஸ், சுற்றுச்சூழல் சுகாதாரம், பிளானிங் முதலான பொறுப்பு அமைப்புகள் எல்லாவற்றுக்கும் அதே நாளில் அனுப்ப வேண்டும். ஒன்றை விட்டால் விண்ணப்பமே செல்லாது என்று மறுதரப்பு சட்டத்தரணி தொடங்குவார். முகவரிப் பட்டியல் கவுன்சில் லைசன்ஸ் பக்கத்தில் இருக்கும். பிறகு 28 நாள் கருத்துக் கேட்பு, அது முடிந்து 20 வேலைநாளுக்குள் விசாரணை. கமிட்டி நிபந்தனை மாற்றலாம், நேரம் குறைக்கலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். முதல் மறுஆய்வில் ரத்துக் கேட்பவர்கள் அநேகமாக ஒன்றுமில்லாமல் திரும்புகிறார்கள். சத்தக் கட்டுப்பாட்டுக் கருவி கேளுங்கள்: ஸ்பீக்கரும் பாண்டின் மின் இணைப்பும் அதன் வழியாகவே ஓட வேண்டும், அளவை உங்கள் வீட்டில் நின்று சுகாதார ஆபிசர் நிர்ணயிக்க வேண்டும், பெட்டி பூட்டியிருக்க வேண்டும். 63, 125 ஹேர்ட்ஸ் பாஸ் அலைவரிசைகளுக்குத் தனி அளவு கேளுங்கள், ஏனென்றால் சுவரைத் தாண்டி வருவது பாட்டு அல்ல, டும் டும்தான். டிரம் செட்டை மின் கருவியால் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே "கருவியில் இணையாத டிரம் கூடாது" என்பதையும் சேருங்கள்.

பிளானிங்கில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: முடிவு பிடிக்காவிட்டால் கருத்துக் கொடுத்த குடியிருப்பாளரும் 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தோற்றால் செலவு உங்கள் தலையில் விழக்கூடும் என்பதை அறிந்து போங்கள். பப் மேல்முறையீடு செய்தால் வழக்கு முடியும்வரை புதிய நிபந்தனைகள் அமலுக்கு வராது.

எல்லாம் நிற்பது நாட்குறிப்பில். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறை, யன்னல் திறந்ததா மூடியதா, என்ன கேட்டது, என்ன பாதிப்பு. "எப்போதும் ஒரே சத்தம்" என்று எழுதினால் ஒரு பலனுமில்லை. "9.40, மேல்மாடிப் பிள்ளை அறை, யன்னல் மூடியது, பாடலின் சொற்கள் விளங்கின, பிள்ளை இரண்டு தரம் எழும்பியது" என்பதுதான் சாட்சி. கைபேசிப் பதிவில் டெசிபெல் எண்ணை வைத்து வாதாட வேண்டாம். கவுன்சிலிடம் பதிவுக் கருவி வைக்கக் கேளுங்கள்.

கவுன்சில் அசையாவிட்டால் 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 82ஆம் பிரிவில் நீங்களே நீதவானிடம் போகலாம். சத்தத்துக்கு மூன்று நாள் எழுத்து அறிவித்தல் பப்புக்குக் கொடுத்தால் போதும். முறைப்பாடு செய்த நாளில் தொந்தரவு இருந்தது என்று நிரூபித்தால், வழக்கு நாளுக்குள் பப் திருந்திவிட்டாலும் உங்கள் நியாயமான செலவை அவர்கள் கட்ட வேண்டும். "நீங்கள்தானே பப் இருக்கிற இடத்துக்கு வந்தீர்கள்", "எங்களிடம் பிளானிங் அனுமதி இருக்கிறது" என்ற இரண்டு பதிலும் தனியார் தொந்தரவு வழக்கில் முழுக் கவசமாகா. சஃபோக்கின் மில்டன்ஹாலுக்கு அருகே மோட்டார் பந்தய மைதானம் பற்றிய வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

பப் வாசலில் வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள். நீலத் தாள் என்றுதான் கேள்விப்பட்டோம்.
– வாசகி, இல்போர்ட்

இரண்டும் லைசன்ஸ் விண்ணப்ப அறிவித்தல்கள். நீலம் முழு மாற்றம் அல்லது புதிய லைசன்ஸ், கருத்துச் சொல்ல 28 நாள். வெள்ளை சிறு மாற்றம், 10 வேலைநாள் மட்டும். திருத்த வேலையில் பாரின் இடம் மாறினாலோ தோட்டத்தில் சிறு பார் வந்தாலோ லைசன்ஸோடு இணைந்த வரைபடமும் மாற வேண்டும். அதை "சிறு மாற்றம்" என்று வெள்ளைத் தாளில் தள்ளப் பார்ப்பார்கள். தோட்டத்து பார் சத்தத்தைக் கூட்டும், ஆகவே இது சிறு மாற்றமல்ல என்று எழுதுங்கள். கவுன்சில் மறுத்தால் அவர்கள் நீலத் தாளோடு திரும்பி வர வேண்டும். லைசன்ஸில் 12 மணி, பிளானிங்கில் 10 மணி என்றிருந்தால் 10க்கு மூட வேண்டும்.

உள்ளே சத்தமில்லை. புகைக்க வெளியே வருபவர்கள்தான் பிரச்சினை. பக்கங்களை அடைத்துவிடச் சொல்லலாமா?
– வாசகர், குரொய்டன்

முழுக்க அடைக்க முடியாது. 2007 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புகைத்தடைப்படி கூரையுள்ள இடத்தின் சுவர்ப்பரப்பில் பாதியாவது நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும். திறந்து மூடும் கதவு, யன்னல் கணக்கில் வராது. ஆகவே உங்கள் பக்கத்துச் சுவரை மட்டும் அடைத்து வீதிப்பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, புகைக்குமிடத்தையே முன்பக்கம் மாற்றி, 10 மணிக்குப் பின் ஒரே நேரத்தில் இத்தனை பேர் மட்டும், கையில் கிளாஸ் இல்லாமல் என்று நிபந்தனை கேட்பது. கிளாஸ் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவார்கள்.

எங்கள் வீடும் பப்பும் ஒரே சுவர். இரும்பு உத்திரம் வைக்கச் சுவரை உடைக்கப் போகிறார்களாம்.
– வாசகி, வோல்தம்ஸ்டோ

1996 பொதுச்சுவர்ச் சட்டம். வேலைக்கு இரண்டு மாதம் முன் எழுத்து அறிவித்தல் வர வேண்டும். 14 நாள் பதில் போடாமலிருந்தால் சம்மதம் என்று பொருளல்ல, சர்ச்சை என்று பொருள். சர்வேயர் நியமிக்கப்படுவார், வழக்கமாகச் செலவு பப்புடையது. வேலை தொடங்குமுன் உங்கள் அறைகளின் வெடிப்புகளைப் போட்டோவோடு பதிவு செய்யும் நிலை அறிக்கை கட்டாயம் கேளுங்கள். இன்னொன்று: உடைக்கும்போது வெளிப்படும் பழைய புகைக்கூட்டுக் குழி, உத்திரப் பொந்து ஆகியவற்றைச் செங்கலும் சாந்தும் போட்டு அடைக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நுரை அடித்து மூடினால் பிறகு பப் பேச்சு அதன் வழியாக உங்கள் வரவேற்பறைக்கு வரும்.

நான் பப் லீஸ் எடுத்து நம் சாப்பாடு போடுகிறேன். பக்கத்துக் காணியில் 14 பிளாட் வரப்போகிறது. நாளை அவர்கள் முறைப்பாடு செய்தால் என் கதி?
– வாசகர், வெம்பிளி

உங்கள் ஆயுதம் "மாற்றம் கொண்டுவருபவரே பொறுப்பு" என்ற கொள்கை. 2018 முதல் தேசியக் கொள்கையிலும், லண்டன் பிளானில் டி. 13 ஆகவும் இருக்கிறது. சத்தத்திலிருந்து பிளாட்டைக் காப்பாற்றும் செலவு பிளாட் கட்டுபவருடையது. ஆனால் நீங்கள் வாய் திறந்தால்தான் அது வேலை செய்யும். அவர்களின் விண்ணப்பத்துக்கு 21 நாளுக்குள் எழுதுங்கள்: லைசன்ஸ் நேரம், இசை நாட்கள், விசிறிக் குழாயின் உயரம், போத்தல் கொட்டும் நேரம், பீப்பாய் லொறி வரும் நேரம். சத்த அளவீடு உங்கள் பரபரப்பான சனி இரவில் நடந்ததா என்று கேளுங்கள். படுக்கையறைகளை மறுபக்கம் திருப்பவும், யன்னல் திறக்காமலே காற்று வரும் இயந்திரக் காற்றோட்டமும் கேளுங்கள். தடித்த கண்ணாடி மட்டும் போதாது, கோடையில் திறந்துவிடுவார்கள். சத்தத்தை ஏற்றுக்கொள்ளும் பத்திரம் ஒன்றைக் காணியோடு பதிவு செய்யக் கேட்கலாம். எலிஃபன்ட் அண்ட் காசிலில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் இசைவிடுதி, எதிரே வந்த அடுக்குமாடி விஷயத்தில் அப்படித்தான் முடித்தது.

இந்தக் கொள்கை இன்று இருக்கும் சத்தத்துக்கே. பிளாட் வந்தபின் நீங்கள் தோட்டத்தைக் கூட்டினால் மாற்றம் கொண்டுவருபவர் நீங்கள். தொந்தரவுச் சட்டத்திலிருந்தும் இது காப்பாற்றாது.

கொத்துரொட்டி போடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரி டெசிபெலில் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் இரும்பில் இரும்பு மோதும் திடீர்ச் சத்தம் நித்திரையைக் கலைப்பதில் முதலிடம். கல்லின் கால்களுக்கடியில் தடித்த ரப்பர், கல்லைச் சுவரிலிருந்து விலக்கி வைத்தல், குசினிப் பின்கதவுக்குத் தானே மூடும் பொறி, அந்தப் பக்க யன்னலுக்கு நிரந்தர அடைப்பு. பின்கதவை வெக்கைக்குத் திறந்து வைக்கிறார்கள் என்றால் உள்ளே வரும் காற்று போதவில்லை. உறிஞ்சும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்றுக் குழாய் போடாமல் கதவை மூடச் சொன்னால் சமையல்காரர் கேட்கமாட்டார். கருவேப்பிலை, மிளகாய்த் தாளிதத்துக்கு கரி வடிகட்டி வேண்டும், அதற்கு முன் எண்ணெய் வடிகட்டி நன்றாக இல்லாவிட்டால் கரி சில கிழமையிலேயே செத்துவிடும்.

முறைப்பாடு செய்தால் வீடு விற்கும்போது சொல்ல வேண்டுமா? ஆட்சேபணையில் என் பெயர் தெரியுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

இரண்டுக்கும் ஆம். விற்பவர் நிரப்பும் டி.ஏ. 6 படிவத்தில் அயல் சர்ச்சைகள், முறைப்பாடுகள் பற்றிக் கேட்பார்கள். மறைத்தால் வாங்கியவர் பின்னர் வழக்குப் போடலாம். பிளானிங் கருத்து பெயர், முகவரியோடு கோப்பில் சேரும், பெரும்பாலும் தளத்திலும் ஏறும். பெயரில்லாக் கடிதத்துக்கு எடை இல்லை. லைசன்ஸ் கருத்தின் பிரதி விண்ணப்பித்தவர் கைக்குப் போகும். பயம் இருந்தால் உங்கள் கவுன்சிலரையோ குடியிருப்போர் சங்கத்தையோ அவர்கள் பெயரில் எழுதக் கேளுங்கள். சுகாதாரப் பிரிவுக்கு முறைப்பாடு செய்பவரின் பெயரைக் கவுன்சில் பப்பிடம் சொல்வதில்லை, வழக்குச் சாட்சியாகப் போனால் மட்டும் வெளிவரும்.